வீனோகிராமா, ஃபிளெபோகிராமா? சிரைப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் ஒரு பெயர், ஸ்கேன் சென்டர் ரசீதில் இன்னொரு பெயர், ரிப்போர்ட்டில் மூன்றாவதாக ஒன்று. சிரைகளைப் படம் எடுக்கும் பரிசோதனையில் இது வாடிக்கையாக நடப்பதுதான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். பெயரைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் முதல் சில கேள்விகள் சொல்லைப் பற்றியவை. ஊசி, மருந்து, ரிப்போர்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

1. வீனோகிராம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

சிரைகளின் படம். உடம்பெங்கும் போன ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களே சிரைகள். வெறும் எக்ஸ்ரேயில் அவை தெரியாது. ரத்தமும் சுற்றியுள்ள சதையும் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கின்றன. கதிரை நன்றாகத் தடுக்கும் அயோடின் கலந்த மருந்தை, அதாவது எல்லாரும் 'டை' என்று சொல்வதை, சிரைக்குள் ஏற்றினால் குழாயின் உட்புறம் அச்சு வார்த்தது போல் தெரியும். ரத்தக்கட்டி, சுருக்கம், வால்வுக் கோளாறு, பிறவியிலேயே மாறிய பாதை ஆகியவற்றைப் பார்க்க இது உதவுகிறது.

2. சீட்டுல 'வீனோகிராஃபி', ரிப்போர்ட்டுல 'வீனோகிராம்'. எது சரி?

இரண்டும் சரி. 'கிராஃபி' என்று முடிந்தால் படம் எடுக்கும் செயல். 'கிராம்' என்று முடிந்தால் கையில் கிடைக்கும் படம். எழுத, கீற என்று பொருள்படும் 'கிராஃபெயின்' என்ற கிரேக்க வினையிலிருந்து ஒன்று, எழுதப்பட்டது என்று பொருள்படும் 'கிராம்மா'விலிருந்து மற்றொன்று. மேமோகிராஃபி, மேமோகிராம் ஜோடியும் இப்படித்தான். ஆஸ்பத்திரிப் பேச்சில் இந்த வேறுபாட்டை யாரும் கடைப்பிடிப்பதில்லை, அதனால் நஷ்டமும் இல்லை.

3. ஒரு டாக்டர் 'ஃபிளெபோகிராஃபி'ன்னு எழுதியிருக்கார், இன்னொருத்தர் 'வீனோகிராஃபி'ங்கிறார். ரெண்டும் வேற வேற டெஸ்டா?

ஒரே டெஸ்ட்தான். சிரைக்குக் கிரேக்கத்தில் 'ஃபிளெப்ஸ்', லத்தீனில் 'வீனா'. ஃபிளெப்ஸ் வேற்றுமை ஏற்கும்போது 'ஃபிளெபோஸ்' ஆகும். அந்த அடியிலிருந்துதான் ஃபிளெபைடிஸ் (சிரை அழற்சி), ஃபிளெபாட்டமி (சிரையில் குத்தி ரத்தம் எடுத்தல்) ஆகிய சொற்களும் வந்தன. 'வீனா'விலிருந்து வீனஸ், இன்ட்ராவீனஸ், வீனா கேவா. ஆக, சிரை என்பதற்கு எந்த மொழியின் வேரை எடுத்தார்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், போர்த்துகீசியம், ஸ்வீடிஷ் மொழிகளில் கிரேக்க வேர் கொண்ட வடிவம் நன்றாக வேரூன்றியது. அமெரிக்க ஆங்கிலத்தில் வீனோகிராஃபி வென்றது. இந்தியாவில் இரண்டும் புழங்கினாலும் ஸ்கேன் சென்டர் பட்டியல்களில் பெரும்பாலும் 'வீனோ' வடிவத்தையே பார்ப்பீர்கள்.

ஒரு சின்னத் துணுக்கு: பழைய கிரேக்க மருத்துவ எழுத்துகளில் ஃபிளெப்ஸ் என்பது எல்லா ரத்தக்குழாய்க்கும் பொதுப்பெயராக இருந்தது. தமனி வேறு, சிரை வேறு என்று பிரித்துச் சொன்னவர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, கோஸ் தீவின் பிராக்சகோரஸ். அதற்குப் பிறகே அந்தச் சொல் சிரைக்கு மட்டும் என்று குறுகியது.

4. 'வீனா' லத்தீன், 'கிராஃபி' கிரேக்கம். ரெண்டு மொழியைக் கலந்தது தப்பான சொல் இல்லையா?

இலக்கணச் சுத்தம் பார்ப்பவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். முழுக்கக் கிரேக்கமான ஃபிளெபோகிராஃபியே முறையானது, வீனோகிராஃபி கலப்படம் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கணக்கில் பார்த்தால் கிரேக்க 'டெலி'யும் லத்தீன் 'விசியோ'வும் சேர்ந்த டெலிவிஷனும் கலப்படம்தான். வழக்கில் நிலைத்த பிறகு அதைத் தப்பு என்பதில் பொருளில்லை. அதோடு, இன்ட்ராவீனஸ் என்ற சொல்லை அன்றாடம் கேட்கும் நர்ஸுக்கும் நோயாளிக்கும் 'வீனோ' என்றதுமே விஷயம் புரிந்துவிடுகிறது. 'ஃபிளெபோ'வுக்கு அந்த வசதி கிடையாது.

5. தமிழ்ல இதை 'நரம்புப் படம்'னு சொல்லலாமா?

வேண்டாம். பேச்சுத் தமிழில் 'நரம்புல ஊசி போட்டாங்க', 'நரம்பே கிடைக்கல', 'கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று சிரையைத்தான் நரம்பு என்கிறோம். அது பழைய வழக்கு. யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு. ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் நரம்பு என்றால் மூளையோடு தொடர்புள்ள நரம்பு. 'நரம்புக்குப் படம் எடுக்கணும்' என்று சொல்லிக்கொண்டு போனால் நரம்பியல் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள், அல்லது நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனைக்கு உட்கார வைப்பார்கள்.

சிரைப்படம் என்பது போதும். இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அங்கே பாடநூல்களில் தமனிக்கு 'நாடி', சிரைக்கு 'நாளம்'. தமிழ்நாட்டிலோ ரத்த நாளம் என்றால் எந்த ரத்தக்குழாயும் ஆகலாம். நாடி என்றால் கையில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. கடல் தாண்டி ரிப்போர்ட்டை விளக்கும்போது இந்த இரண்டு சொற்களும் ஆளைக் கவிழ்த்துவிடும். சிரை, தமனி இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. தமனியின் வேர்ச்சொல்லுக்கு 'ஊது' என்று பொருள். கிரேக்க 'ஆர்ட்டீரியா'வும் முதலில் மூச்சுக்குழலைக் குறித்த சொல்தான்.

6. ஆஞ்சியோகிராம்னா ரத்தக்குழாய்ப் படம்தானே? அப்புறம் எதுக்குத் தனியா வீனோகிராம்?

சொல்லளவில் நீங்கள் சொல்வது சரி. 'ஆஞ்ஜெயான்' என்றால் கிரேக்கத்தில் கலம், பாத்திரம். ஆகவே தமனிப் படமும் சிரைப் படமும் ஆஞ்சியோகிராஃபி என்ற பெரிய குடைக்குள் அடங்கும். நடைமுறையில் ஆஞ்சியோ என்றால் தமனி, அதிலும் இதயத் தமனி என்று ஆகிவிட்டது.

தனிப்பெயர் தேவைப்படுவதற்குக் காரணம் ரத்தம் ஓடும் திசை. தமனியில் மருந்தை மேலே விட்டால் அது தானாகவே கிளைகளுக்குள் இறங்கிப் பரவும். சிரையில் ரத்தம் கிளைகளிலிருந்து அடிமரத்தை நோக்கி ஓடுகிறது. தொடையில் மருந்தை விட்டால் அது இடுப்பு வழியாக இதயத்துக்குப் போய்விடும். கெண்டைக்கால் சிரைகள் நிறையவே நிறையாது. அதனால் குத்தும் இடம், நோயாளியைக் கிடத்தும் கோணம், படம் எடுக்கும் நேரம் எல்லாமே மாறும்.

7. எங்க அப்பாவுக்கு 'இன்ட்ராவீனஸ் பைலோகிராம்' எடுத்தாங்க. அதுவும் வீனோகிராமா?

இல்லை. அந்தப் பெயரில் சிரை என்பது மருந்து உள்ளே போகும் வழி மட்டும். படத்தில் தெரிவது சிறுநீரகத்தின் உட்குழிவும் சிறுநீர்க்குழாயும். 'பைலோஸ்' என்றால் கிரேக்கத்தில் தொட்டி. 'கிராம்' என்பதற்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்: படத்தின் பொருள் அதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயரில் 'வீனோ'வே இல்லாமல் சிரைப்படமாக இருப்பவை: போர்ட்டோகிராம் (கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை), வேரிகோகிராம் (புடைத்துச் சுருண்ட சிரைகள்), கேவோகிராம் (வீனா கேவா).

8. முதல்ல இதைச் செஞ்சது யாரு?

ரான்ட்ஜென் எக்ஸ்கதிரைக் கண்டது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்டால் இருவரும் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் ரத்தக்குழாய்களில் கதிரைத் தடுக்கும் கலவையை நிரப்பிப் படம் எடுத்தார்கள். அந்த ஒரு படத்துக்குக் கதிரைக் காட்டிய நேரம் 57 நிமிடம். அந்தக் கலவையை உயிருள்ள மனிதருக்கு ஏற்றவே முடியாது.

1923-ல் ஜெர்மனியில் பெர்பெரிஷ், ஹிர்ஷ் இருவரும் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடு கரைசலைப் பயன்படுத்தி உயிருள்ளவர்களின் தமனிகளையும் சிரைகளையும் படம் பிடித்தார்கள். கால் சிரைப்படத்தை ஒழுங்கான மருத்துவ முறையாக நிறுவியவர் போர்ச்சுகலின் ஜுவாவ் சிட் டோஸ் சாண்டோஸ், 1938-ல். அவருடைய தந்தை ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ் 1929-ல் மகாதமனியைப் படம் எடுத்தவர். மூளைத் தமனிகளை 1927-ல் முதலில் படமெடுத்த எகாஸ் மோனிஸும் அதே லிஸ்பன் நகரத்து ஆள்தான். பெயர்ச் சண்டைக்கு நல்ல சாட்சி இங்கேயே இருக்கிறது. டோஸ் சாண்டோஸ் 1938-ல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரைத் தலைப்பில் 'ஃபிளெபோகிராஃபி' என்றார். ஸ்வீடனின் குன்னார் பாவர் 1940-ல் ரத்தக்கட்டி பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோது தலைப்பில் 'வீனோகிராஃபிக்' என்று வைத்தார். இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு பெயர்கள்.

9. டாப்ளர் ஸ்கேன் எடுத்தாச்சு. அதுவும் வீனோகிராஃபிதானா? மறுபடி எதுக்கு?

சிரையைத்தான் அதுவும் பார்க்கிறது, ஆனால் அதை யாரும் வீனோகிராஃபி என்று சொல்வதில்லை. டாப்ளர் ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன். அதற்கு ஊசியில்லை, மருந்தில்லை, கதிரில்லை. ஆய்வுக் கருவியால் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். கட்டி இல்லாத சிரை முழுதாக ஒட்டி மடங்கும், கட்டி இருந்தால் மடங்காது. கால் ஆழ்சிரை ரத்தக்கட்டிக்கு இன்று முதல் பரிசோதனை இதுதான். 1980-களுக்குப் பிறகு பழைய ஊசி வீனோகிராம் பின்னுக்குப் போனதற்கும் இதுவே காரணம்.

டாப்ளரால் எட்டமுடியாத இடங்கள் உண்டு: இடுப்புக்குள் இருக்கும் சிரை (குடல் காற்று மறைக்கும்), காறை எலும்புக்குப் பின்னால் மார்புக்குள் போகும் சிரை, மண்டையோட்டுக்குள் இருப்பவை. ஸ்டென்ட் வைக்கவோ அடைப்பைத் திறக்கவோ போகும்போதும் வீனோகிராம் தேவை. சீட்டில் 'சி.டி. வீனோகிராஃபி' அல்லது 'எம்.ஆர். வீனோகிராஃபி' என்று இருந்தால் முன்னால் நிற்பது மெஷினின் பெயர். மெஷின் பெயர் எதுவும் இல்லாமல் வெறும் வீனோகிராஃபி என்று இருந்தால் பழைய எக்ஸ்ரே முறையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எழுதிய டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.

10. கால் வீனோகிராமுக்குப் பாதத்துல ஏன் ஊசி போடுறாங்க? எப்படிச் செய்வாங்க?

ஏன் என்பது 6-ஆம் கேள்வியிலேயே இருக்கிறது: ஓட்டத்தின் தொடக்கத்தில் விட்டால்தான் வழி முழுவதும் நிறையும். ஆகவே புறங்காலில் ஒரு சின்னச் சிரையில் மெல்லிய ஊசி அல்லது வென்ஃப்ளான் (சிரைக்குள் விட்டுவைக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழல்). கால் வீங்கியிருந்தால் இந்தச் சிரையைக் கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வீக்கத்தை விரலால் அழுத்தி ஒதுக்கிப் பார்ப்பார்கள்.

மேசையைச் சாய்த்து உங்களை 45 முதல் 60 டிகிரி வரை நிமிர்த்துவார்கள். மருந்து ரத்தத்தைவிடக் கனமானது. நிமிர்ந்த நிலையில் அது கீழே தங்கி, தொட்டி நிறைவது போல் மெல்ல மேலேறும். படுத்தபடி எடுத்தால் ரத்தத்துக்கு அடியில் தனிப் படலமாக ஓடிவிடும். உடம்புப் பாரத்தை மற்ற காலில் வைத்து, பலகைமேல் நிற்கச் சொல்வார்கள். படம் எடுக்கும் காலில் பாரம் விழுந்தால் கெண்டைச் சதை இறுகிச் சிரைகளைப் பிழிந்துவிடும், படத்தில் அடைப்பு மாதிரியே தெரியும். 'அந்தக் காலைத் தளர்வா தொங்க விடுங்க' என்று டெக்னீஷியன் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கணுக்காலுக்கு மேலே ஒரு ரப்பர் பட்டை கட்டுவதும் உண்டு. தோலடிச் சிரைகளை அது அடைத்து, மருந்தை ஆழ்சிரைக்குத் திருப்பிவிடும். பிறகு 50 முதல் 100 மி.லி. மருந்து, இரண்டு மூன்று கோணங்களில் படம், கடைசியில் சிரை முழுவதையும் சலைன் விட்டுக் கழுவுதல். கழுவாமல் விட்டால் மருந்து தேங்கிச் சிரைச்சுவரை உறுத்தி அழற்சியையோ ரத்தக்கட்டியையோ உண்டாக்கக்கூடும். ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்று எரிந்து தோல் உப்பினால் உடனே சொல்லுங்கள். மருந்து சிரைக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம், பொறுத்துக்கொள்வதில் புண்ணியமில்லை.

11. 'அசென்டிங்', 'டிசென்டிங்'னு ரெண்டு இருக்காமே?

மேலே சொன்னது அசென்டிங்: மருந்து ஓட்டத்தோடு மேலேறுகிறது, அடைப்பைக் காட்டுகிறது. டிசென்டிங்கில் இடுப்புமடிப்புச் சிரையில் மருந்தை விட்டு, மூச்சை அடக்கி முக்கச் சொல்வார்கள். வால்வுகள் நன்றாக இருந்தால் மருந்து கீழே இறங்காது. எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை 0 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 4 என்றால் கெண்டைக்கால் தாண்டிக் கணுக்கால் பக்கம்வரை. இப்போது இந்த வேலையையும் பெரும்பாலும் டாப்ளரே செய்துவிடுகிறது.

12. எனக்கு இறால், நண்டு ஆகாது. டைல அயோடின் இருக்காம். பயப்படணுமா?

அதற்காகத் தனியாகப் பயப்பட வேண்டாம். இறால் ஒவ்வாமை அதன் புரதத்துக்கு எதிரானது, அயோடினுக்கு எதிரானதல்ல. இதற்கு முன் இதே டை ஏற்றியபோது தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். கடுமையான ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள்.

உடம்பு முழுக்கச் சூடு பரவுவதும் வாயில் உலோகச் சுவை வருவதும் ஒவ்வாமை அல்ல. ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பழைய மருந்துகளின் கரைபொருள் அடர்த்தி ரத்தத்தைப் போல ஐந்து மடங்கு இருந்ததால் கால் தீப்பிடித்த மாதிரி எரியும். ஸ்வீடனின் டோர்ஸ்டன் அல்மேன் 1960-களில் இதற்கு வழி கண்டார். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் நீந்தினால் கண் எரிவதில்லை, உப்பு மிகுந்த மேற்குக் கடற்கரையில் எரிகிறது என்ற சொந்த அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. அயனியாகப் பிரியாத இன்றைய மருந்துகள் அந்த யோசனையின் வாரிசுகள்.

13. சுகர் மாத்திரையை நிறுத்தணுமா?

மெட்ஃபார்மின் பற்றி மட்டும்தான் இந்தக் கேள்வி. அந்த மாத்திரை டையோடு சேர்ந்து விஷமாவதில்லை. டையால் சிறுநீரகம் சுணங்கினால் மாத்திரை உடம்பில் தேங்கும், அதுதான் கவலை. ஈ.ஜி.எஃப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் கணக்கு) 30-க்கு மேல் இருந்து, சிறுநீரகத்துக்குத் திடீர்ப் பாதிப்பு எதுவும் இல்லை என்றால் நிறுத்தத் தேவையில்லை என்பது பரவலான வழிகாட்டுதல். 30-க்குக் கீழே என்றால் பரிசோதனையன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மறுபடி கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகு தொடங்குவார்கள். பல சென்டர்கள் முன்ஜாக்கிரதையாக எல்லாருக்குமே நிறுத்தச் சொல்வதுண்டு. இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

14. வீனோகிராம்ல 'அடைப்பு'ன்னாங்க, டாப்ளர்ல ஒண்ணும் இல்லங்கிறாங்க. எதை நம்புறது?

ரிப்போர்ட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'ஃபில்லிங் டிஃபெக்ட்' என்றால் மருந்து சூழ்ந்து நிற்க, நடுவே ஒரு கரும்பகுதி மட்டும் நிறையவில்லை. அது குறைந்தது இரண்டு கோணங்களில் ஒரே இடத்தில், ஒரே வடிவில் தெரிந்தால் கட்டி என்று சொல்லலாம். 'நான் விஷுவலைசேஷன்' என்றால் அந்தச் சிரையே தெரியவில்லை. அது அடைப்பாக இருக்கலாம். பட்டையை இறுக்கிக் கட்டியது, சதை இறுகியது, மருந்து போதாதது ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். தொடையின் உள்ளாழச் சிரை சாதாரண ஆட்களுக்கே பல நேரம் நிறையாது.

கிளைச்சிரையிலிருந்து மருந்து கலக்காத ரத்தம் வந்து சேரும் இடத்திலும் பொய்க் கரும்பகுதி தெரியும். அடுத்த படத்தில் அது இடம் மாறினாலோ மறைந்தாலோ கட்டியல்ல. டாப்ளர் பக்கமும் பிழை வரலாம், முக்கியமாக இடுப்பிலும் கெண்டைக்கால் சின்னச் சிரைகளிலும். இரண்டு படங்களையும், அவை பதிந்த சிடி தட்டோடு, ஒரே ரேடியாலஜிஸ்டிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

15. தலைவலிக்கு எம்.ஆர்.வி எடுத்தோம். 'லெஃப்ட் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஹைப்போபிளாஸ்டிக்'னு போட்டிருக்கு. மூளையில சைனஸா?

மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அல்ல இது. லத்தீனில் 'சைனஸ்' என்றால் மடிப்பு, வளைகுடா. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும், கெட்டியான உறை மடிப்புக்குள் ஓடும் பெரிய சிரைகளுக்கும் அதே பெயர். மூளையின் உச்சியில் ஓடும் சைனஸ் பெரும்பாலானோருக்கு வலப்பக்கம் அதிகமாகத் திரும்புவதால் இடப்பக்கம் சிறுத்திருப்பது மிகச் சாதாரணம். ஹைப்போபிளாஸ்டிக் என்றால் பிறவியிலேயே சிறியது; அடைப்பு என்று பொருளில்லை.

மருந்தில்லாமல் எடுக்கும் எம்.ஆர்.வி, அதாவது எம்.ஆர். வீனோகிராஃபி, ஓட்டத்தைத்தான் படமாக்குகிறது, குழாயை அல்ல. ஓட்டம் மெதுவாக இருந்தாலோ படத்தின் தளத்துக்கு இணையாக ஓடினாலோ குழாய் அறுந்தது போல் தெரியும். நேர்மாறான ஏமாற்றும் உண்டு: சில நாளான ரத்தக்கட்டி தானே பிரகாசமாகத் தெரிந்து, ஓட்டம் இருக்கிற மாதிரி காட்டும். அதனால் எம்.ஆர்.வி-யைத் தனியாகப் படிக்கக் கூடாது, சாதாரண எம்.ஆர்.ஐ படங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். சந்தேகம் நீடித்தால் மருந்து ஏற்றி எடுப்பார்கள், அல்லது சி.டி. வீனோகிராஃபி செய்து, அந்தப் பக்கத்தில் சிரை மண்டையோட்டை விட்டு வெளியேறும் துளையும் சிறியதா என்று பார்ப்பார்கள். துளையும் சிறியதென்றால் பிறவி அமைப்பு என்பதற்கு வலு கூடும்.

16. டயாலிசிஸ் கைக்கு 'ஃபிஸ்டுலோகிராம்' எழுதியிருக்காங்க. இதுவும் அதே குடும்பமா?

ஆம். ஃபிஸ்டுலா என்றால் லத்தீனில் குழல். தமனியையும் சிரையையும் இணைத்த இடத்திலிருந்து மார்புக்குள் போகும் பெரிய சிரைவரை பார்க்கிறார்கள். கை முழுக்க வீங்கியிருந்தால், அல்லது டயாலிசிஸ் மெஷினில் சிரைப்பக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், சுருக்கம் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் இருக்கும். அங்கேயே பலூன் வைத்து விரித்தும் விடுவார்கள். படம் மட்டுமா, சிகிச்சையும் சேர்த்தா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

17. பழைய மருத்துவப் புத்தகத்துல 'ஃபிளெபோகிராம்'னு ஈ.சி.ஜி மாதிரி அலைக்கோடு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?

பிழையில்லை. கழுத்துச் சிரையின் துடிப்பைக் கருவியால் தாளில் வரைந்த கோட்டுக்கும் ஃபிளெபோகிராம் என்று பெயர் இருந்தது. சிரைகளைப் பற்றி எழுதும் உடற்கூறு விவரணைக்கும் ஃபிளெபோகிராஃபி என்றார்கள். 2-ஆம் கேள்வியில் பார்த்தபடி 'கிராஃபெயின்' என்றால் எழுதுவது, கீறுவது. அதற்குள் எக்ஸ்ரே எங்கேயும் இல்லை. புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஏ, சி, வி என்று அலைகளுக்குப் பெயர் போட்டிருந்தால் அது கழுத்துத் துடிப்புக் கோடு. மருந்தின் பெயரும் மி.லி. கணக்கும் இருந்தால் நம் சிரைப்படம்.